அஞ்சேகாலுக்கு அணைஞ்ச ரேடியோ

டெல்ஃபா: ...அப்ப அந்தச் சேவல் கதை நிஜம்தானா?

ஹோபர்ட்: நிஜம். கீழ கிர்பியோட விதைக்கடை, கோழிக்குஞ்சும் விப்பான். மாடியில ஸ்டேஷன். மேல பிடில் வாசிச்சா கீழ சேவல் கூவும். கேக்குறவங்க அதையும் பாட்டுல சேர்த்தின்னு நினைச்சிக்கிட்டாங்க. எழுதிட்டியா?

டெல்ஃபா: மெதுவா சொல்லு. கிர்பி ஆரம்பிச்சது அம்பத்தி மூணுதானே?

ஹோபர்ட்: அம்பத்தி நாலு. அம்பத்தி மூணுல டவரை நிறுத்தினான், காத்துல விழுந்துடுச்சு. அதை எழுதாதே. அவன் பேத்தி டான்யாவுக்குப் பிடிக்காது.

டெல்ஃபா: டான்யாதான் எல்லாத்தையும் எழுதச் சொன்னா. சனிக்கிழமை ஸ்டேஷனுக்குக் கடைசி நாள், ஊரே கேக்கும், ஸ்டேஷன் கதையை ரெண்டு மூணு பக்கம் எழுதி நீங்களே வாசிங்கன்னா. லைப்ரரியில இருபது வருஷம் இருந்தவளாச்சேன்னு.

ஹோபர்ட்: திங்கக்கிழமை டவரைப் பழைய இரும்புக்குப் போடுறா. சனிக்கிழமை அதுக்குப் புகழ் பாடணுமாக்கும்.

டெல்ஃபா: உனக்கு யாரைத்தான் பிடிக்கும்?

ஹோபர்ட்: இந்த ஒலிபரப்புற மெஷினை. நாப்பத்தெட்டு வருஷமா பொய் பேசல. கெட்டுப்போனா கெட்டுப்போச்சுன்னு வாசனையிலயே சொல்லிடும். அது சரி, அந்தத் தாளை மட்டும் ஏன் கவுத்து வச்சிருக்கே?

டெல்ஃபா: அது கடைசிப் பக்கம். அப்புறம் வருவோம். பாட்டு பத்தி சொல்லு.

ஹோபர்ட்: பாட்டுல என்ன சொல்றது? சனிக்கிழமை மலைக்காரங்க எல்லாம் பிடில், பாஞ்சோ தூக்கிக்கிட்டு வருவாங்க. ஒரே மைக். சத்தமா பாடுறவன் கதவு பக்கம் நிக்கணும், மெதுவா பாடுறவன் மைக் பக்கம். லெஸ்டர்னு ஒருத்தன், அவனைப் படிக்கட்டுல நிக்கவச்சுப் பாடச் சொன்னோம். கோவிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போய்ட்டான். போற வழியெல்லாம் பாடிக்கிட்டே போனான், அதுவும் மைக்ல விழுந்துச்சு.

டெல்ஃபா: வாங்க-விக்க நேரம்?

ஹோபர்ட்: அது பத்து மணிக்கு. போன்ல கூப்பிட்டு, டிராக்டர் இருக்கு, தொட்டில் இருக்கும்பாங்க. ஒருத்தி வேட்டை நாய் விக்கணும்னா. விலை சொன்னா, வித்தும் போச்சு. அரை மணி கழிச்சு அவ புருஷன் கூப்பிட்டு, நாயைக் காணோம், யாராச்சும் பாத்தீங்களான்னான்.

டெல்ஃபா: நீ என்ன சொன்னே?

ஹோபர்ட்: பாட்டு போட்டேன். வேற என்ன பண்றது... உன் எழுத்து ஏம்மா இப்படிக் கோணிக்கிட்டுப் போகுது?

டெல்ஃபா: விரல் மடங்காது. உனக்குத் தெரியாதா?

ஹோபர்ட்: ஆமா, மறந்துட்டேன். கதவுல நசுங்கினது. உன் புருஷன் ரஃபஸ் சொன்னான் அப்ப.

டெல்ஃபா: ஆமா. ரஃபஸ் சொன்னான்.

ஹோபர்ட்: நல்ல மனுஷன். லாரியில ஏத்தினா காசு வாங்க மாட்டான்.

டெல்ஃபா: எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. சரி, சாவுச் செய்தி?

ஹோபர்ட்: பன்னெண்டு மணிக்கு. யார் செத்தது, எந்தச் சர்ச்சுல அடக்கம், சோறு யார் வீட்டுல. அந்த நேரத்துல ஊர்ல ஒரு கதவு சாத்துற சத்தம் கேக்காது. அப்புறம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு சுரங்கப் பட்டியல். ஒண்ணாம் நம்பர் நாளைக்கு வேலை உண்டு, ரெண்டாம் நம்பர் இல்ல... அப்படி. எவன் வீட்டுல போன் இருந்துச்சு? கம்பெனிக்காரன் எங்களைக் கூப்பிடுவான், நாங்க சொல்லுவோம். பட்டியல்ல சுரங்கத்தோட நம்பர் வரலைன்னா வழக்கம்போல வேலைன்னு அர்த்தம். அஞ்சேகாலுக்கு ஸ்டேஷன் மூடிடுவோம்.

டெல்ஃபா: அதை விளக்கமா சொல்லு. ஏன் அஞ்சேகால்?

ஹோபர்ட்: உனக்குத் தெரியாததா?

டெல்ஃபா: எனக்குத் தெரியும். கேக்குற பேரப்பிள்ளைங்களுக்குத் தெரியாது.

ஹோபர்ட்: எங்க லைசென்ஸ் பகலுக்கு மட்டும்தான். சூரியன் இறங்கினா ரேடியோ அலை ரொம்ப தூரம் போகும். நாங்க அணைக்கலைன்னா, ரேடியோ முள் நிக்கிற அதே இடத்துல இருக்கிற பெரிய ஊர் ஸ்டேஷன்மேல போய் விழுவோம். அதனால மாசத்துக்கு மாசம் ஒரு நேரம் குறிச்சுக் கொடுத்துட்டான் சர்க்கார். இந்த டிசம்பர் மாசத்துல அஞ்சேகால். காலையில ஏழே முக்காலுக்கு மேலதான் திரும்பப் போடணும். மீறினா லைசென்ஸ் போயிடும்.

டெல்ஃபா: நீ அணைச்சதும் அந்தப் பெரிய ஊர் ஸ்டேஷன் மெல்ல வரும். தூரத்துல, தண்ணிக்குள்ள இருந்து பாடுற மாதிரி.

ஹோபர்ட்: அதை யார் கேப்பா? எல்லாரும் எங்களோட சேர்த்து ரேடியோவையும் அணைச்சிடுவாங்க.

டெல்ஃபா: ம்.

ஹோபர்ட்: எழுது. எழுபத்தெட்டுல கிர்பி செத்தான். மகன் வந்தான், பாடுறவங்க வரவேண்டாம், ரெக்கார்டு போதும்னான். அப்புறம் அதுவும் வேண்டாம், எங்கேயோ இருந்து ஒருத்தன் நூறு ஊருக்கும் சேர்த்துப் பேசுவான், நீ மெஷினை மட்டும் பாத்துக்கன்னான். அந்த ஆளுக்கு இங்க மழையா வெயிலான்னு தெரியாது. வெள்ளத்துல பாலம் போன அன்னிக்கு, வெளியே போய் வெயிலை அனுபவிங்கன்னு சொல்லிக்கிட்டு இருந்தான். அவ்வளவுதான். முடிஞ்சுது கதை.

டெல்ஃபா: அறுபத்தேழை விட்டுட்டே.

ஹோபர்ட்: விடல. அதான் ஊருக்கே தெரியுமே.

டெல்ஃபா: ஹோபர்ட்.

ஹோபர்ட்: எழுதணும்னா எழுதிக்க. டிசம்பர் பதினாலு. மூணாம் நம்பர் சுரங்கத்துல உள்ள காத்து தள்ளுற பெரிய காத்தாடி நின்னுபோச்சு. மேனேஜர் அஞ்சு நாப்பதுக்கு போன் பண்ணி, நாளைக்கு வேலை இல்ல, யாரும் இறங்கக் கூடாது, சொல்லிடுன்னான். மூடிட்டேனேன்னேன். சரி, விடியறதுக்கு முன்னாடி சுரங்க வாசல்ல ஆள் நிறுத்துறேன்னான். பனியில அந்த ஆளோட வண்டி ஓடையில இறங்கிடுச்சு. மறுநாள் காலையில அஞ்சரை மணிக்கு உன் புருஷன் லாரியில, அவனையும் சேர்த்து அஞ்சு பேர் போனாங்க. உள்ள வாயு சேர்ந்திருந்துச்சு, ஒருத்தரும் திரும்பல... போதுமா?

டெல்ஃபா: விசாரணையில நீ என்ன சொன்னே?

ஹோபர்ட்: அஞ்சேகாலுக்கு அணைச்சிட்டேன், திரும்பப் போடலைன்னு சொன்னேன். பேப்பர்ல வந்துச்சு. அப்புறம் ஊர்ல என்ன பேசினாங்கன்னு நான் சொல்லணுமா?

டெல்ஃபா: சொல்லு.

ஹோபர்ட்: ஒரு பொத்தானை ஒரு நிமிஷம் அமுக்க மனசு வராதவன்னு பேசினாங்க. முடி வெட்டுற கடைக்குள்ள போனா பேச்சு நின்னுபோகும். சர்ச்சுல நான் உக்காந்த பெஞ்சுல வேற ஆள் உக்காரல. என் மகள் கல்யாணத்துக்கு நூறு பேருக்குச் சமைச்சோம், பதினோரு பேர் வந்தாங்க. மிச்சத்தைப் பன்னிக்குப் போட்டோம். அவ அதோட ஒஹாயோ போனவதான்.

டெல்ஃபா: போன மாசம் ஓமா செத்தாளே, நான்தான் பக்கத்துல இருந்தேன். கடைசி வரைக்கும் உன் பேரைச் சொன்னா.

ஹோபர்ட்: என்னன்னு?

டெல்ஃபா: அவன் ஒரு நிமிஷம் போட்டிருந்தா என் புருஷன் கிழவனாயிருப்பான்னு.

ஹோபர்ட்: சொல்லட்டும்.

டெல்ஃபா: நீ போட்டேதானே?

ஹோபர்ட்: என்னது?

டெல்ஃபா: அன்னிக்குத் திரும்பப் போட்டேதானே?

ஹோபர்ட்: இல்ல.

டெல்ஃபா: சனிக்கிழமை அதை வாசிக்கப் போறேன். ஹோபர்ட் திரும்பப் போட்டான்னு.

ஹோபர்ட்: யார் சொன்னா உனக்கு? கிர்பி உளறினானா? அவன் செத்து முப்பத்தோரு வருஷம் ஆச்சு.

டெல்ஃபா: கிர்பிக்குத் தெரியுமா அப்ப?

ஹோபர்ட்: வேற பேச்சு பேசு.

டெல்ஃபா: சொல்லு. மெஷின் முன்னாடி நிக்கிறே, அதுவாச்சும் பொய் பேசாதுன்னே.

ஹோபர்ட்: பேனாவைக் கீழ வை.

டெல்ஃபா: வச்சிட்டேன்.

ஹோபர்ட்: போன் வச்சதும் ஒரு சிகரெட் பத்தவச்சேன். பாதி குடிச்சேன். அப்புறம் போட்டேன். மெஷின் சூடாக நேரம் ஆகும் அப்பல்லாம். சொன்னேன், அணைச்சேன். மொத்தம் ஒரு நிமிஷம். மறுநாள் பிணம் வெளிய வர்றதுக்கு முன்னாடியே கிர்பி வந்து அழுதான். வெளிய சொன்னா லைசென்ஸ் போயிடும், எட்டுப் பேர் பொழப்பு போயிடும்னான். சரின்னேன்.

டெல்ஃபா: கிர்பி செத்தப்புறம்? அப்ப சொல்லியிருக்கலாமே?

ஹோபர்ட்: யோசிச்சேன். ஓமா வீட்டு வாசல் வரைக்கும் போனேன் ஒரு தடவை. உள்ள ரேடியோ பாடிக்கிட்டு இருந்துச்சு. நான் போய், அன்னிக்கு ஒரு நிமிஷம் சொன்னேன்மான்னு சொன்னா, அவ என்ன நினைப்பா? நான் ஏன் அணைச்சேன், இன்னும் கொஞ்சம் விட்டு வச்சிருந்தா கேட்டிருப்பேனேன்னு நினைப்பா. சாகுற வரைக்கும் அதையே நினைப்பா. அஞ்சு வீட்டுலயும் அதேதான். என்னைத் திட்டினா தூக்கமாச்சும் வரும்.

டெல்ஃபா: அதுக்காக நாப்பத்திரெண்டு வருஷமா...

ஹோபர்ட்: பழகிடுச்சு. அன்னிக்கு நான் பேசினதை யாரும் கேக்கல டெல்ஃபா. கேட்டிருந்தா ஒருத்தராச்சும் சொல்லியிருப்பாங்க. வெறும் காத்துல பேசினேன். அதுக்கு என்ன பேர் வேண்டியிருக்கு? சனிக்கிழமை சேவல் கதையை வாசி, சிரிக்கட்டும். அஞ்சேகாலுக்கு அணைச்சிட்டு வீட்டுக்குப் போறேன்.

டெல்ஃபா: சனிக்கிழமை அஞ்சேகாலுக்கு அணைக்காதே. நான் கடைசிப் பக்கம் முடிக்கிற வரைக்கும் விட்டு வை.

ஹோபர்ட்: சட்டம் இருக்கு.

டெல்ஃபா: ஒரு தடவை மீறினவன்தானே நீ.

ஹோபர்ட்: மத்த நாலு வீட்டுப் பிள்ளைங்களும் கேப்பாங்கம்மா. வேண்டாம். உன் ஒருத்திக்காகத்தான் சொன்னேன். அந்த அஞ்சு வீட்டுல நாலு வீடு என் முகத்தைப் பாக்கல. நீ மட்டும் டிசம்பருக்கு டிசம்பர் ஆப்பிள் அடுக்குக் கேக் கொண்டாந்து வாசல்ல வச்சே. ஏன்னு நான் கேட்டதில்ல. பெரிய மனசுன்னு நினைச்சிக்கிட்டேன்.

டெல்ஃபா: மனசு இல்ல அது.

ஹோபர்ட்: பின்ன?

டெல்ஃபா: முதல் தடவை நம்பரைத் தப்பாச் சொன்னே. நாலுன்னே. அப்புறம் இருமினே. இல்ல, மூணு, மூணாம் நம்பர்தான், நாளைக்கு யாரும் இறங்க வேண்டாம்னே.

ஹோபர்ட்: ...இதை நான் கிர்பிகிட்டகூடச் சொன்னதில்ல.

டெல்ஃபா: தெரியும்.

ஹோபர்ட்: டெல்ஃபா... நீ...

டெல்ஃபா: அந்தத் தூரத்து ஸ்டேஷனைக் கேட்டுக்கிட்டு இருந்தேன். பாட்டு மேல உன் குரல் வந்து விழுந்துச்சு.

ஹோபர்ட்: ரஃபஸ் வீட்டுல இருந்திருக்க மாட்டான். பனியில வர லேட்டாயிருக்கும். நீ தூங்கிப்போயிருப்பே, அதானே? உனக்கு அப்ப இருபத்தாறு வயசு, நாள் பூரா வேலை...

டெல்ஃபா: அந்தத் தாளைத் திருப்பு.

ஹோபர்ட்: கண்ணாடி இல்ல.

டெல்ஃபா: சரி, நானே சொல்றேன். சனிக்கிழமையும் இப்படியேதான் வாசிக்கப் போறேன். அவன் பின்கட்டுல கரியைக் கழுவிக்கிட்டு இருந்தான், ஹோபர்ட். முகத்தைத் துடைச்சிக்கிட்டே உள்ள வந்து, ரேடியோவுல ஏதோ பேச்சுச் சத்தம் கேட்டுச்சே, நம்ம சுரங்கம் பத்தி ஏதாச்சும் சொன்னானான்னு கேட்டான். அந்த வாரம் ஏற்கனவே ரெண்டு நாள் வேலை இல்லாம வீட்டுல இருந்திருந்தான். இந்த விரல் அந்த ரெண்டு நாள்லதான். கதவு இல்ல, அவன்தான். இன்னொரு நாள் வீட்டுல இருந்தா தாங்க மாட்டேன்னு நினைச்சேன். போவான், சுரங்க வாசல்ல ஆள் இருக்கும், திருப்பி அனுப்பிடுவாங்க, எங்கேயாச்சும் போய்க் குடிச்சிட்டு இருட்டினப்புறம் வருவான், அதுவரைக்கும் வீடு எனக்குன்னு நினைச்சேன். அவ்வளவுதான் நினைச்சேன். லாரியில இன்னும் நாலு பேர் ஏறுவாங்கன்னு நினைக்கல. அவன்கிட்ட, ஒண்ணும் சொல்லலைன்னு சொன்னேன். ரேடியோவை அணைச்சிட்டு, அவன் சாப்பாட்டு டப்பாவுல சோளரொட்டியை வச்சு மூடினேன்.