நான்கு சுவர்களுக்குள் ஓர் அழுகை

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள், ஒரு கால் ஆடும். அறுவடை முடியாமல் தச்சன் வரமாட்டானாம். ஜன்னலோரப் பெஞ்சில் உட்காருங்கள். நீதிமன்றத்திலிருந்து நீங்கள் விசாரிக்க வந்திருக்கும் வயல்கள் அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

நான் பிரபுக் குலத்துப் பிள்ளைதான். ஆனால் நிலமெல்லாம் மூத்த அண்ணனுக்குப் போனது. அரசருக்காகப் பிரான்சில் போரிட்டு நான் கொண்டுவந்தது ஒரு நொண்டிக் கால். இந்தத் தார்ன்பி பண்ணை என் மனைவி ஹாவிஸ் கொண்டுவந்தது. என் தாயும் விதவைத் தங்கையும் தின்றது அவள் வீட்டு ரொட்டி.

சட்டம் உங்களுக்கே தெரியும். மனைவி இறந்தால் அவள் நிலம் அவள் பிறந்த வீட்டாருக்கு. ஆனால் அவள் சாவதற்கு முன் அவளுக்கு உயிரோடு ஒரு குழந்தை பிறந்து, அதன் அழுகை நான்கு சுவர்களுக்குள் கேட்டிருந்தால் போதும், கணவன் சாகும்வரை நிலத்தை வைத்துக்கொள்ளலாம். குழந்தை பிறகு செத்தாலும் சரி.

அவள் சித்தப்பா ரால்ஃப் போட்ட வழக்கிலும் நியாயம் இருக்கிறது. ஹாவிஸ் இறந்த பிறகே வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தார்கள், ஆகவே அந்த அழுகை செல்லாது என்கிறார். ஊரே அப்படித்தான் நம்புகிறது. அப்படிச் சொன்னவன் நான்.

அன்று காலையிலிருந்தே அவளுக்கு வலி. பிரசவ அறைக்குள் ஆண்கள் போகக் கூடாது. சுவருக்கு இந்தப் பக்கமிருந்து அழுகையைக் கேட்டுச் சாட்சி சொல்ல, என் போர்க்களத்து நண்பன் கில்பர்ட்டையும் பக்கத்துப் பண்ணைக்காரர்களையும் கூடத்தில் உட்காரவைத்துப் பியர் ஊற்றிக் கொடுத்திருந்தேன்.

உச்சிவெயிலுக்கு மருத்துவச்சி சபினா வெளியே வந்தாள்.

"குழந்தை குறுக்கே கெடக்கு பிரபு. அது தங்காது. அம்மாவுக்குக் காய்ச்சல் கொதிக்குது. ஆனாலும் பொழைச்சாலும் பொழைச்சுக்குவாங்க. கொஞ்சம் நேரம் குடுங்க."

"பொழைக்கலேன்னா?"

"அது ஆண்டவருக்குத்தான் தெரியும்."

பிழைத்தாலும் பிழைப்பான் என்று சொல்லப்பட்ட எத்தனையோ பேரை நான் புதைத்திருக்கிறேன். அழுகை கேட்காமல் ஹாவிஸ் போய்விட்டால், பனிக்காலத்துக்குள் என் தாய் தெருவில் நிற்பாள். பயந்தேன், அதை ஏன் மறைக்க வேண்டும்?

முதலில், ஜெபிக்க வந்திருந்த பாதிரியாரை அனுப்பிவைத்தேன். தாய் உயிரோடு இருக்கும்வரை கத்தி படக் கூடாது என்பவர் அவர். மடத்திலிருக்கும் புனித இடைக்கச்சையை வயிற்றில் கட்டினால் வலி குறையுமே, வாங்கி வாருங்கள் என்றேன். நல்ல மனிதர், ஓட்டமாகப் போனார். பிறகு உள்ளே போனேன்.

சபினா என் காலைக் கட்டிக்கொண்டாள். "வேண்டாம் பிரபு, கண்ணைத் தொறந்து பாக்கறாங்க பாருங்க." அவளை நகர்த்திவிட்டேன். அடிக்கவில்லை.

குழந்தை அழுதது. சன்னமாகத்தான், ஆனால் கேட்டது. சுவருக்கு அப்பாலிருந்து கில்பர்ட், "என்னடா வாரின், சிங்கத்தைப் பெத்துக் காட்டுறேன்னு சொன்னே, பூனைக்குட்டி கத்துது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சபினா அழுதுகொண்டே குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தாள். சாயங்காலத்துக்குள் அதன் மூச்சு அடங்கிவிட்டது.

பாதிரியார் கச்சையோடு திரும்பியபோது ஹாவிஸைக் கழுவிக் கிடத்தியிருந்தோம். இறந்த பிறகுதான் கீறினேன் என்றேன். ஓர் ஆன்மாவைக் காப்பாற்றினாய் மகனே என்று என் தோளைத் தட்டினார். அன்று நான் சொன்ன அந்தப் பேச்சுதான் இன்று ரால்ஃபுக்கு வசதியாகிவிட்டது.

சபினாவைக் கூப்பிட வேண்டாம். பிறப்பு விஷயத்தில் பெண்ணின் சாட்சி உங்கள் மன்றத்தில் செல்லாது. நானே சத்தியமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். நான் கீறும்போது ஹாவிஸ் உயிரோடு இருந்தாள். அழுகை கேட்டபோதும் இருந்தாள். கில்பர்ட்டின் சிரிப்புகூட அவள் காதில் விழுந்தது. என் கையைப் பிடித்து, "பையனா, பொண்ணா?" என்று கேட்டாள். ஆகவே நிலம் என்னுடையது.

பையன் என்றேன். பெண்தான். அவளிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. போகிறவள் சந்தோஷமாகப் போகட்டுமே. ஒரு நல்ல கணவன் அவ்வளவாவது செய்ய வேண்டாமா?