பாயில் ஒரு சிவப்புக் கட்டம்

பழவேற்காட்டு ஏரியில் பாய்ப்படகு போய்க்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் ஒருவர் தன் மச்சினனோடு உட்கார்ந்திருந்தார். திடீரென்று அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: "பாயில செவப்புக் கட்டம் போட்ட ஒட்டு தெரியுதா? அது என்னோட லுங்கி."

"இன்னா மாமா சொல்றீங்க?"

"கோட்டையில ஒல்லாந்து தேசத்து வியாபாரிங்களுக்குத் துணி தரம் பாக்கறேன்ல. ஒரு இழை பிசகினாலும் கழிச்சு வுட்ருவேன். அப்புறம் சல்லிசா கெடைக்குதேன்னு அதையே நான் வாங்கினு போவேன். வீட்டுல துணிப்பெட்டி நெறைஞ்சு மூடல. மேல ஏறி உக்காந்தேன், மூடியே ஒடைஞ்சுபோச்சு. ஒங்கக்கா எல்லாத்தையும் பாய்க்கு ஒட்டுப் போடச் சொல்லி இந்தப் படகுக்காரருக்குக் குடுக்க வெச்சிட்டா."

"நல்லதாப் போச்சு."

"இனிமே மூணு நாள் யோசிக்காம துணி வாங்கமாட்டேன்னு அவகிட்ட சத்தியமும் பண்ணிட்டேன். ஆனா காத்துல எவ்ளோ அழகா இருக்குது பாரு. என் இடுப்புல இருந்தப்போ தெரியல."

"சரி, மடியில இன்னா பொட்டலம்?"

அவர் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "இது எனக்கில்ல. பாய்க்கு இன்னொரு ஒட்டு வேணும்னு படகுக்காரர் கேட்டாரு."

பின்னால் சுக்கான் பிடித்திருந்த படகுக்காரர் சொன்னார்: "நான் கேக்கலியே."