யானை வால் சுவிட்ச்

எலுமிச்சம்பழம் வீணாகப் போவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. அந்த நான்கு பழங்களையும் அன்றைக்குச் சாயங்காலமே நறுக்கி உப்புப் போட்டுவிட்டேன். நன்றாக ஊறியிருக்கிறது. இன்ஸ்பெக்டர் அம்மா, உங்களுக்கும் ஒரு டப்பாவில் கொண்டுவந்திருக்கிறேன். ஆனால் நான் வந்தது அதற்கில்லை. நீங்கள் எழுதிய காகிதத்தில் ஒரு பிழை இருக்கிறது.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நினைத்தாலே சிரிப்பு வருகிறது. எப்போதும்வென்றான் ஊரில் கோழிக்கூடாகக் கிடந்த பழைய அம்பாசடரை என் கொழுந்தன் ஜெயபாண்டி கட்டி இழுத்து வந்தான். உள்ளே மூன்று முட்டை இருந்தது. ஆம்லெட் போட்டுச் சாப்பிட்டுவிட்டுத்தான் வேலையையே தொடங்கினோம். என்ஜினைக் கழற்றிவிட்டு, பேட்டரி ஆட்டோ ஒன்றின் மோட்டாரை வைத்தோம். ஸ்டியரிங்குக்கு என் தையல் மெஷினின் கால்சக்கரம். டிக்கிக்கு ஃபிரிட்ஜ் கதவு. மேலே தீப்பெட்டி லேபிள் மாதிரி சிவப்பும் மஞ்சளுமாகப் பெயின்ட் அடித்தேன். டீக்கடை சோலைமுத்து அண்ணாச்சி தினமும் வந்து எட்டிப் பார்ப்பார். "ஏலே, இது காரா, கல்யாணச் சீர்வரிசையா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

ஜெயபாண்டிக்கு வெல்டிங் மட்டும்தான் தெரியும். ஒயரிங் முழுவதும் நான். என் வீட்டுக்காரர் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். போர்டில் அவர் பெயர்; முப்பது வருஷம் காயில் சுற்றியது என் கை. அவர் போய் இரண்டு வருஷமாகிறது. அதற்கப்புறம் நான் வாய்விட்டுச் சிரித்தது வண்டி வேலை நடந்த அந்த ஷெட்டில்தான்.

முன்னே போகவும் பின்னே வரவும் ஒரே சுவிட்ச். ஒரு பக்கம் யானைத் தலை, மறுபக்கம் யானை வால் என்று நானே வரைந்தேன். கரண்டு வண்டிக்குச் சத்தமே கிடையாது, தெருவில் ஆடுகள் விலகாது. அதனால் சாவியைத் திருப்பியதும் பழைய அம்பாசடர் மாதிரி கடகடவென்று கத்த ஒரு ஸ்பீக்கரும் வைத்தேன். முதல் தடவை அது கத்தியபோது இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். "நீங்க இல்லாட்டி இது கோழிக்கூடாத்தான் கெடந்திருக்கும் மதினி" என்றான். நல்ல பிள்ளை. அவனைக் குறை சொல்லவே மாட்டேன்.

வெள்ளிக்கிழமை பூஜை. நான்கு சக்கரத்துக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம் வைத்து, அதன்மேல் ஏற்றி நசுக்கி வெளியே எடுக்க வேண்டும். நான் புதன்கிழமையிலிருந்தே சோற்றுத்தட்டை ஸ்டியரிங் மாதிரிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பழகிக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் காலையில் புதுச்சேலை கட்டிப் போனேன். அவன் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான்.

"கோவிச்சுக்கிடாதீங்க மதினி. மொத ஏத்துறத சுதாராணி ஏத்தட்டும். சுமங்கலி ஏத்துனாத்தான் நல்லதுன்னு சொல்லுதாவ. நீங்க கொஞ்சம் அங்கன தள்ளி நில்லுங்க."

சுதாராணி அவன் பெண்டாட்டி. சாவியை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்றுகூட அவளுக்குத் தெரியாது. "சரிய்யா" என்றேன். கோபமே வரவில்லை அம்மா. மரியாதையாகத்தானே சொன்னான்.

அவள் பட்டுச்சேலை மாற்ற வீட்டுக்குள் போயிருந்தாள். அவன் பழங்களை வைத்துவிட்டு, ஃபிரிட்ஜ் கதவுக்குச் சந்தனம் பூசப் பின்னால் போனான். அங்கே வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கத்தான் இடம். விளக்கு எரிகிறதா பார்க்கிறேன் என்று சொல்லி ஏறினேன். ஸ்பீக்கர் ஒயரை உருவினேன். சாவியைத் திருப்பினேன். அவன் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். சுவிட்சைத் தட்டிவிட்டு மிதித்தேன். அந்த மோட்டாருக்கு நல்ல இழுவை. ஆறு மூட்டை உளுந்து ஏற்றிப் பார்த்திருந்தோம்.

பழம் ஒன்றுகூட நசுங்கவில்லை. நீங்களும் பார்த்தீர்கள், ஆனால் எழுதவில்லை.

வயதான பெண், பழக்கமில்லாமல் சுவிட்சை மாற்றித் தட்டிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். தெருவே அதைச் சொல்லிப் பரிதாபப்படுகிறது. சோலைமுத்து அண்ணாச்சிகூட, "பாவம், பொம்பளைக்கு முன்ன பின்ன தெரியாமப் போச்சு" என்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முன்னே எது, பின்னே எது என்று அந்தச் சுவிட்சில் படம் வரைந்ததே நான். வால் என்று தெரிந்துதான் தட்டினேன். தயவுசெய்து திருத்திவிடுங்கள்.

சுதாராணி மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. பதினாறாம் நாள் காரியம் முடியட்டும், அவளுக்கு நானே ஓட்டக் கற்றுக்கொடுப்பேன். இப்போது நாங்கள் இரண்டு பேரும் ஒன்றுதான். யார் முதலில் ஏற்றினாலும் தள்ளி நில் என்று சொல்ல ஆளில்லை. அதற்கென்று புதிதாக நான்கு பழம் வாங்கி வைத்திருக்கிறேன்.