சகலையின் ரப்பர் உடை

பெயர் பாஷ்கோ கிர்காஸ், தகப்பனார் பெயர் ஆந்தே, வயது எழுபத்தெட்டு, தொழில் கடல்பஞ்சு எடுக்கும் படகு ஓட்டுதல், இருப்பிடம் ஷிபெனிக் நகருக்கு எதிரே வெர்னிகா தீவு, தேவாலயப் படித்துறைக்கு மேலே உள்ள வீடு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல காவல் நிலைய எழுத்தர் எழுதிக்கொள்கிறார்.

எனக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் தோன்கா. அவள் கணவர் ஃப்ரானே பஞ்சுக்கு முழுகுகிறவர், குட்டையாகவும் பருமனாகவும் இருப்பார், சென்ற குளிர்காலத்தில் நெஞ்சுவலி வந்து வீட்டிலேயே இறந்துபோனார். இளையவள் பெரா. அவள் கணவர் லோவ்ரே மலைப்பக்கத்து ஆள். எங்கள் வீட்டு நிலைவாசலில் அவர் குனியாமல் நுழைந்ததில்லை. கல்யாணத்துக்குப் பிறகு முழுகக் கற்றுக்கொண்டு சென்ற கோடையில் வெறும் கால்சட்டையோடு என் படகில் வேலை செய்தார். வசந்தத்தில் தண்ணீர் குளிரும் என்பதால் இந்த வருடம் அவருக்கு முழுகும் ரப்பர் உடை வாங்க இருவரும் ஷிபெனிக் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் நிக்ஷா இருப்பதிலேயே பெரிய உடையை எடுத்துப் போட்டார். அதை மாட்டிக்கொண்டபோது லோவ்ரேக்கு வயிற்றில் தொளதொளவென்று இருந்தது, கணுக்காலும் மணிக்கட்டும் வெளியே தெரிந்தன. "உள்ள இன்னொரு ஆளும் வரலாம் மாப்பிள்ளை, ஆனா ரெண்டு பேர் காலும் வெளியிலதான் இருக்கும்" என்றேன். நிக்ஷா சிரிக்கவில்லை. "கை கால் குட்டையா இருந்தா குளிரும், அவ்வளவுதான். தோள்லேர்ந்து கவட்டை வரைக்கும் குட்டையா இருந்தா ஆளையே கீழ இழுக்கும், கழுத்துப் பட்டை தொண்டையில ஏறும். இவருக்கு அளவெடுத்துத்தான் தைக்கணும்" என்று சொல்லி, நாற்காலி மேல் ஏறி நின்று அளவு எடுத்தார். அதன் பிறகு முதுகு நீளமான மிதவைச் சட்டை ஒன்றைத் தேடிக் கொடுத்து, காற்று சிலிண்டர் பின்மண்டையில் இடிக்காதபடி அதைத் தாழ்த்திக் கட்டவும் சொல்லிக் கொடுத்தார். துடுப்புச் செருப்பும் காலுக்குச் சரியாகக் கிடைத்தது. உடை மட்டும் ஈஸ்டருக்குப் பிறகுதான் வரும் என்றார்.

எங்கள் தீவில் முழுகுகிறவர் இறந்தால், அடுத்த பருவத்தின் முதல் நாளில் அவருடைய உடையை அந்த வீட்டு ஆண் ஒருவர் உடுத்திக்கொண்டு இறங்க வேண்டும். அதற்கு முன் அந்த வீட்டுப் படகு பஞ்சு ஏற்றாது, மற்றப் படகுகளும் பக்கத்தில் வராது. எனக்கு இடுப்பு போய்விட்டது. வீட்டில் வேறு ஆண் லோவ்ரே ஒருவர்தான். பருவமோ ஈஸ்டருக்கு முன்பே தொடங்குவதாக இருந்தது.

தோன்கா ஃப்ரானேயின் உடையைக் கொண்டுவந்தாள். பழைய ரப்பரை வெட்டி அதன் கையிலும் காலிலும் ஒட்டி நீளமாக்கியிருந்தாள். நடு உடம்பை அவளால் நீட்ட முடியவில்லை. லோவ்ரே அதைப் போட்டபோது அவரால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. நான் அவர் கழுத்துப் பட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன், விரல் போகவில்லை. அதன் பிறகு பெரா, "அக்கா, பஞ்சு மூட்டைக்குள்ள ஏணியைத் திணிச்ச மாதிரி இருக்காரு" என்றாள். தோன்கா சிரித்தாள். ஃப்ரானே போன பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

வெளியே வந்ததும் நான், "புது உடை வரட்டும் மாப்பிள்ளை" என்றேன்.

"முதல் நாள் அது வர்ற வரைக்கும் நிக்குமா மாமா? அக்கா இப்பதான் சிரிச்சாங்க. சகலைக்காக ஒரு முங்கு முங்கிட்டு கழட்டிடறேன்" என்றார்.

பருவத்தின் முதல் நாள் காலையில் பாதிரியார் படகுகளுக்குத் தண்ணீர் தெளித்தார். அதன் பிறகு தீவின் பாறை முனைக்குப் பக்கத்தில், ஆழம் குறைந்த இடமாகப் பார்த்து நிறுத்தினேன். ஒரு முங்குதானே என்று சிலிண்டரும் மிதவைச் சட்டையும் இல்லாமல், ரப்பர் மிதக்காதபடி இடுப்பில் ஈயம் மட்டும் கட்டிக்கொண்டு லோவ்ரே இறங்கினார். கொஞ்ச நேரத்தில் ஒரு பஞ்சோடு மேலே வந்து அதைப் படகில் போட்டார். முகம் வெளுத்திருந்தது. உடையின் ஜிப் முதுகுப்பக்கம். அதைப் பிடிக்கக் கையைப் பின்னால் கொண்டுபோனார், தோள் அமுங்கியிருந்ததால் கை எட்டவில்லை. தலை சாய்ந்து முகம் தண்ணீரில் கவிழ்ந்தது. நான் குனிந்து கைக்கு எட்டியதைப் பிடித்தேன். எட்டியது கழுத்துப் பட்டை. அவரைத் தூக்க என்னால் ஆகவில்லை. பஞ்சு அறுக்கும் கத்தி என் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்தது, ஒரு கையை விட்டால் அவர் போய்விடுவார், விடாவிட்டால் பட்டை இறுகும். முகத்தை மட்டும் மேலே திருப்பிவைத்துக்கொண்டு கத்தினேன். மற்றப் படகுகள் முறைப்படி தள்ளியே நின்றிருந்தன. அவை வந்து சேர்ந்த பிறகு பட்டையை அறுத்தார்கள். அந்த உடை இப்போது உங்கள் வசம் இருக்கிறது.

லோவ்ரே ஸ்ப்லிட் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறார். மருத்துவரைக் கேட்டால் பொறுத்திருங்கள் என்கிறார். தன் புருஷன் செத்த பிறகு தங்கை புருஷன் நடமாடுவதைப் பொறுக்காமல் அக்காள் அந்த உடையைக் கொடுத்தாள் என்று பெரா புகார் எழுதிக் கொடுத்திருக்கிறாள். தோன்கா தெரிந்தே கொடுத்தாளா என்று கேட்கிறீர்கள். உடை இறுக்கம் என்று தோன்காவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், பெராவுக்கும் தெரியும், போட்டுக்கொண்டவருக்கும் தெரியும். அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. புகாரைத் திரும்ப வாங்கிக்கொள் என்று பெராவிடம் கேட்டேன். "உங்களுக்கு ரெண்டு பொண்ணுப்பா, எனக்கு ஒரு புருஷன்தான்" என்றாள்.

வெள்ளிக்கிழமை படகில் நிக்ஷா புது உடையை அனுப்பிவைத்தார். பெரா கதவைத் திறக்கவில்லை. தோன்கா அதை வாங்கித் தன் துணிக்கொடியில் தொங்கவிட்டாள். கால் தரையில் புரண்டதால் கொடியை உயர்த்திக் கட்டினாள். லோவ்ரே எழுந்து வராவிட்டால் அடுத்த பருவத்தில் அதை யாராவது உடுத்திக்கொண்டு இறங்க வேண்டும். எங்கள் தீவில் அது வேறு எவருக்கும் பொருந்தாது.

எழுத்தர் படித்துக் காட்டக் கேட்டேன். நான் கண்டதும் சொன்னதும் இவைதான், எல்லாம் உண்மை. யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை.

பாஷ்கோ கிர்காஸ், இடது கைப் பெருவிரல் ரேகை.