கை நனைக்கிற வரைக்கும்

ரங்கூனில் பசுந்தாங் போகும் டிராமில் எனக்கு முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மெலிந்தவர் கழுத்தில் துண்டு.

"ஞாயித்துக்கிழமை ரெண்டு வாய் சோறு இறங்கிட்டாப் போதும், மச்சான்" என்றார் அவர்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"சோறு இறங்குற வழியில புத்துநோயாம். கத்தி வைக்க முடியாதாம். தினம் ரப்பர் குழாயை விட்டு அந்த வழியை விரிக்கிறார். உசிரு போற வலி. கல்கத்தா போனா ரேடியம் வைப்பாங்களாம்."

"அப்பக் கப்பல் ஏறு."

"ஏறினா எல்லாருக்கும் தெரிஞ்சிடும். அப்புறம் எம்பொண்ணை எடுப்பாங்களா? ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வீட்டுல கை நனைக்கணும். சாப்பிடாம எழுந்தா சம்பந்தம் வேண்டாம்னு அர்த்தமாயிடும்."

"சரி. சாப்பிட்டுட்டு திங்கக்கிழமை ஏறு."

"திங்கக்கிழமையிலிருந்து குழாயும் வேண்டாம், கல்கத்தாவும் வேண்டாம்னு டாக்டர்கிட்டச் சொல்லிட்டேன், மச்சான்."