விட்டு வைத்த துண்டு

முத்துவடிவு (மனசுக்குள்): சாரலைப் பார்க்கவா இவர் என்னை ஐந்தருவிக்குக் கூட்டி வந்தார்? தென்காசியில் வண்டி ஏறியதிலிருந்து ஒரு பேச்சை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு தவிக்கிறார். திரும்பவும் மெட்ராஸ் என்பார். திரும்பவும் தலையைத் திறக்கலாம் என்பார். கேட்கட்டும். அதுவரை அருவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நெல்லையப்பன்: ...ஏட்டி, நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன். நீ அங்கனயே பாத்துட்டிருக்க.

முத்துவடிவு: எடது பக்கம் உக்காந்து பேசுனா எனக்கு எப்படிக் கேக்கும் அத்தான்? கெட்டுப்போன காது எதுன்னு இன்னுமா தெரியல?

நெல்லையப்பன்: இந்தா, மாறிட்டேன். இப்பக் கேக்குதா?

முத்துவடிவு: வண்டி மாடு மூச்சு விடுதது கூடக் கேக்குது.

நெல்லையப்பன்: இது... சிரிப்புதானே?

முத்துவடிவு: சிரிப்புதான். பாதி மூஞ்சிதான் சிரிக்கும். மீதிய நீங்க நெனச்சுக்கிடணும்.

நெல்லையப்பன்: அந்தா, அந்த ரெண்டாவது அருவி... அங்கனதானே அத்தை ஒன்ன நிறுத்துவாக?

முத்துவடிவு: ஆமா. தலைக்கு எண்ணெய் வச்சு, ஆளுக்கொரு கையப் புடிச்சு நிறுத்துவாக. வீட்டுல இருக்கும்போதும் காதுக்குள்ள அருவி எரையுதும்மான்னு சொல்லிட்டேன். நடக்கையில தள்ளாட்டம் வேற. அம்மை பைத்தியம்னே முடிவு பண்ணிட்டா. நம்ம ஊர்ல பைத்தியத்துக்கு அருவித் தண்ணிதானே வைத்தியம்... உள்ள கட்டி வளருது, மேல தண்ணி கொட்டுது.

நெல்லையப்பன்: நானும் ஒருநாள் ஒன் கையப் புடிச்சிருக்கேன்.

முத்துவடிவு: அன்னைக்கு மட்டும் நான் தள்ளாடவே இல்ல.

நெல்லையப்பன்: பொய்யி. என் மேலதான் சாஞ்ச.

முத்துவடிவு: அது தலைசுத்து இல்ல. அம்மை முன்னால வேற எப்படிச் சாயுததாம்?

நெல்லையப்பன்: அடிப்பாவி... இத்தன வருசம் கழிச்சுச் சொல்லுதியே.

முத்துவடிவு: நீங்க கேக்கல.

நெல்லையப்பன்: ஆப்பரேசனுக்கு அப்புறம் நீ அருவில நனையவே இல்ல, என்ன?

முத்துவடிவு: காதுக்குப் பின்னால எலும்ப எடுத்துட்டாகள்லா. தண்ணி அடிக்கக் கூடாதுன்னாக. சாரல் போதும். இந்தா, மூஞ்சில விழுது... வலது கன்னம் குளிருது. எடது சும்மா இருக்கு.

நெல்லையப்பன்: முத்து... நேத்துக் கஞ்சி குடிக்கையில புரையேறிச்சே.

முத்துவடிவு: சூடு.

நெல்லையப்பன்: முந்தாநாளும் ஏறிச்சு. செவுத்தப் புடிச்சுட்டு நடக்க. நம்ம டாக்டர்ட்ட கேட்டேன். அதே எடத்துல திரும்ப வளருதுங்காரு.

முத்துவடிவு: கெட்ட கட்டி இல்லன்னுதானே அன்னைக்குச் சொன்னாக?

நெல்லையப்பன்: கட்டி கெட்டது இல்ல. எடந்தான் பொல்லாத எடமாம். மூளைக்கு அடியில... மெட்ராஸ்ல இப்ப ஒரு சர்ஜன் சீமைல படிச்சுட்டு வந்திருக்காராம். வியாழக்கிழமைக்கு நம்ம ரெண்டு பேருக்கும்...

முத்துவடிவு: டிக்கெட்டே எடுத்தாச்சா?

நெல்லையப்பன்: எடுத்துட்டேன்.

முத்துவடிவு: போன தடவ காதும் சிரிப்பும் போச்சு. இந்தத் தடவ எது போகும்?

நெல்லையப்பன்: முழுங்குதது கொஞ்சம்... பேச்சு கொஞ்சம் கொழறலாமாம். போனாப் போகுது ஏட்டி, நீ இருப்பல்லா. அன்னைக்கு மிச்சமில்லாம எடுத்தாகள்ல? அதே மாதிரி இப்பமும் எடுத்துருவாக.

முத்துவடிவு: மிச்சமில்லாமயா எடுத்தாக?

நெல்லையப்பன்: ஆமா. சர்ஜனே எங்கிட்டச் சொன்னாரு. இது புதுசா வந்தது.

முத்துவடிவு: அத்தான்... அன்னைக்கு எனக்கு மயக்கம் கொடுக்கல. மரத்துப்போக ஊசிதான் போட்டாக. துணிக்கு அடியில முழிச்சுத்தான் கெடந்தேன். பாளையங்கோட்டைல படிச்ச இங்கிலீசு எனக்கும் கொஞ்சம் வரும்லா. சர்ஜன் பக்கத்துல நின்னவர்ட்ட, கட்டில இந்தத் துண்டு மூச்சு ஓடுத எடத்தோட ஒட்டியிருக்கு, தொட்டா மேசையிலயே போயிருவா, விட்டுருவோம், புருசங்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்னாரு. சொல்லியும் இருக்காரு. நீங்க அழுதுட்டு, மூஞ்சியக் கழுவிட்டு உள்ள வந்து, எல்லாம் எடுத்தாச்சு முத்துன்னிய. சட்டைக் காலரெல்லாம் ஈரம். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா நீங்க தூங்க மாட்டியன்னு, நானும் அப்படியான்னு கேட்டுக்கிட்டேன். இத்தன வருசம் நல்லாத்தான் இருந்தோம், இல்லியா... டிக்கெட்டத் திருப்பிக் கொடுத்துருங்க. நான் வரல.