பச்சையம்மா கைநாட்டு

— கையெழுத்து போடமாட்டேன்னா போடமாட்டேன்! ஆபரேசன் பண்ணா பேச்சே வராதுன்னு டாக்டரம்மாவே...

— நீ யாருய்யா போடறதுக்கு? கழுத்து என்னுது...

— அடியே பச்சையம்மா, கழுத்துல ஓட்ட போடுவாங்களாம்டி!

— போடட்டும். அதுல மூச்சு வுட்டுக்கறேன், வாயில சோறு துன்னுக்கறேன். ஒம்பது மாசமா மூக்குல குழாய சொருவிக்கினு கெடக்கறனே, நாக்குல ஒரு கல்லு உப்பு பட்டுச்சா?

— ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. ஐயா, பக்கவாதம் வந்ததுலேருந்து இவங்க தொண்டை சரியா மூடறதில்ல. எச்சி கூட நுரையீரலுக்குள்ள எறங்குது. இந்த வருசம் நாலு தடவை நிமோனியா. அஞ்சாவது வந்தா உயிருக்கே ஆபத்து. மூச்சுக்குழாயைத் தனியா பிரிச்சு கழுத்துப் பக்கம் திருப்பிட்டா உள்ள எதுவும் போகாது. ஆறின பிறகு வாயால சாப்பிட்டுப் பாக்கலாம்.

— நாலாவது தடவ யாரால வந்துச்சுன்னு அவர கேளும்மா.

— ஆடி மாசம் கோயில்ல கூழு ஊத்தனாங்கம்மா. ஆத்தா கூழு ஒண்ணும் பண்ணாதுன்னு ரெண்டே ரெண்டு கரண்டி...

— ஆத்தா வயித்துக்குக் குடுத்தா. இவரு நெஞ்சுக்கு அனுப்பிட்டாரு.

— நீதானடி வாயத் தொறந்துக்கினு ஒக்காந்திருந்த! பசின்னு நெனச்சேன்.

— பசி இல்லய்யா. ருசி.

— டாக்டரம்மா, இவ வாய் இருந்தாதாங்க அது வூடு. காலையில கோழிய திட்டுவா, அப்புறம் என்ன திட்டுவா, அப்புறம் தெருவ. அந்த சத்தம் இல்லாம நான் இன்னா பண்ணுவேன்?

— முப்பது வருசமா வாய மூடு, வாய மூடுன்னியே! இப்ப மூடறேன்னா அழுவுற?

— யாரு அழுவுறா?

— மூக்கத் தொடச்சுக்க.

— ஐயா, அவங்க தெளிவா இருக்காங்க. அவங்க சம்மதம் இருந்தா போதும். அம்மா, இங்க கைநாட்டு வைங்க. கணவர் பேரு இன்னும் எழுதல, சொல்லுங்க.

— நான் சொல்றேங்க. அவ எம் பேர சொல்லமாட்டா. புள்ளைய இஸ்கூல்ல சேக்கப் போனப்ப வாத்தியாரு கேட்டாரு, காலண்டர்ல அமாவாசைய தொட்டுக் காட்டிக்கினு நின்னா.

— நீ சும்மா இரு. எழுதிக்கம்மா, அம்மாசி. அம்மாசி! அம்மாசி! இருக்கற கொரலு போறதுக்குள்ள கூப்புட்டுக்கறேன், நல்லா கேட்டுக்கடா அம்மாசி!